அக்காள் இருந்த கரட்டு பங்களா

1

போன ஞாயிற்றுக்கிழமை என் இளைய மகளும் மகனும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நுவரெலியாப் பக்கம் போய்விட்டு வந்தார்கள். அந்தக் காலத்துத் தேயிலை முதலாளி ஒருவர் மலை உச்சியில் கட்டிய பங்களாவை இப்போது வெளியாரும் பார்க்க விடுகிறார்களாம். வந்ததும் வராததுமாக அதே பேச்சு. பாதி சிங்களம், பாதி இங்கிலீஷ், தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி கொஞ்சம் தமிழ்.

"அம்மே, அங்க ஒரு அறைக்குள்ள நம்ம வீடு மூணு வைக்கலாம்," என்றாள் இளையவள். "நீங்க அப்படி ஒரு வீட்டைப் பாத்தே இருக்க மாட்டீங்க."

மூத்த மகள் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அம்மா பாத்திருக்காங்க. நானும் பாத்திருக்கேன்."

அப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சின்னவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. ஆனால் மதுரைக்குத் தென்மேற்கே, பேரையூர் பாதையில் வண்டி கட்டிப் போகிறவர்கள் எல்லாருக்கும் அந்த வீட்டைத் தெரியும். மொட்டைக் கரட்டின் உச்சியில் வெள்ளை வெளேரென்று நிற்கும். "மில் முதலாளி இளைய சம்சாரத்து மேல இருந்த பிரியத்துல கட்டுன வீடு" என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள்.

அந்த இளைய சம்சாரம் என் அக்காள், பேச்சியம்மாள். ஊரில் இருக்கிறவர்கள் அந்தக் கதையை இன்னும் அப்படியே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் கண்டியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

2

எங்கள் அய்யா பேரையூருக்குப் பக்கத்தில் கரிசல் காட்டில் பருத்தி போட்டுப் பிழைத்தவர். சுற்று வட்டாரத்துப் பருத்தி முழுக்க முதலாளியின் ஆலைக்குத்தான் போகும். அவருடைய மூத்த மனைவிக்குப் பிள்ளை இல்லை. அவர் பெண் கேட்டு ஆள் அனுப்பினால் முடியாது என்று சொல்கிற வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. ஆத்தா எங்கள் சின்ன வயதிலேயே போய்விட்டாள். அக்காளைக் கட்டிக்கொடுத்தபோது, துணைக்கு என்னையும் கூட அனுப்பிவிட்டார் அய்யா.

அப்போது முதலாளி குடும்பம் மதுரையில், தல்லாகுளத்தில் இருந்தது. அக்காளுக்கு எழுத்து வாசனை கிடையாது. "நீயாச்சும் படி" என்று அடம்பிடித்து என்னைப் பக்கத்திலிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். தெருவில் எந்தச் சத்தம் கேட்டாலும் அக்காள் மாடிக்கு ஓடிவிடுவாள். பூக்காரி, வளையல்காரர், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று யாரையும் விடமாட்டாள். ஜனம் இருந்தால்தான் அவளுக்கு மூச்சே வரும்.

முதலாளியின் மோட்டார் வண்டியை ஓட்டியவர் பெயர் கருப்பையா. எங்கள் ஊர்க் கீழத்தெருப் பையன். எங்கள் மேலத்தெரு வயல்களில் கூலிக்குக் குனிந்து நின்ற குடும்பம் அவருடையது. மழை நாட்களில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். மழை இல்லாத நாட்களிலும் விடும்படி ஆகிவிட்டது. அவரைத்தான் நான் கட்டிக்கொண்டேன். ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அக்காளிடம்தான் சொன்னேன். "எங்க போவீக?" என்று மட்டும் கேட்டாள்.

"கண்டிக்கு. ஆனா கடக்கரையில மண்டபம்ங்கிற ஊருல முகாம் போட்டு அடைச்சு வைப்பாகளாம். நோய் நொடி இல்லேன்னு பாத்துட்டுத்தான் கப்பல் ஏத்துவாகளாம்."

"அம்புட்டு நாளுமா?" என்று யோசித்தாள். "சரி. நான் பாத்துக்கிறேன்."

சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு தல்லாகுளமே திரண்டு நிற்கிற அந்த எதிர்சேவை நாளில், கூட்டத்தோடு கூட்டமாக நானும் அவரும் ரயிலடிக்குப் போனோம். அக்காள் என் அறைக் கதவைச் சாத்தி, வேப்பிலை சொருகி, "தங்கச்சிக்கு அம்மை போட்டிருக்கு, யாரும் உள்ள போகாதீக" என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு யார் உள்ளே போவார்கள்? நாங்கள் முகாமில் அடைபட்டுக் கிடந்த நாள் முழுக்க, ஆளில்லாத கட்டிலுக்கு அக்காள் கஞ்சி கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நாங்கள் கடலைத் தாண்டிய பிறகுதான் அந்த வேப்பிலை இறங்கியது.

3

கண்டியில் அவருக்கு லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார், அரிசி மூட்டையோடு திரும்புவார். நான் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு அக்காள் பெயரையே வைத்தேன், பேச்சியம்மாள் என்று. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் அது அவர்கள் வாயில் நுழையவில்லை. 'பெக்கி' ஆக்கிவிட்டார்கள். நான் பேச்சி என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பெக்கி என்றால் அடுப்படியிலிருந்து ஓடி வருவாள்.

எங்கள் தமிழும் இங்கே வந்து கொஞ்சம் கொஞ்சமாக வேறாகிவிட்டது. 'சுகமா' என்றால் 'நல்லம்' என்பார்கள். பெரிய வீட்டை 'வலவ்வ' என்பார்கள். மருந்துக்கடையில் நான் 'ரெம்ப வலிக்குது' என்றால் ஒரு கணம் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை எடுப்பார்கள். ஊருக்குப் போனால், பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு அங்கே அப்படிப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அக்காளுக்கு நான் கடிதம் எழுதியதில்லை. எழுதினால் முதலாளியின் கணக்கப்பிள்ளைதான் அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும். ஊர்ச் செய்தி எல்லாம் என் நாத்தனார் காளியம்மாள் மூலமாகத்தான் வந்தது. நாங்கள் போன மறுவாரமே கீழத்தெருவில் அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்து எறிந்துவிட்டார்கள். இவருடைய அப்பாவும் அம்மாவும் காளியம்மாளைக் கூட்டிக்கொண்டு கோச்சடைக்குப் போய், வைகைக் கரையில் வெற்றிலைத் தோட்டத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கேயே இருந்து அங்கேயே செத்தும் போனார்கள். இவர் போய்ப் பார்க்கவில்லை. அக்காளைக் கரட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கீழே இறக்குவதில்லை என்ற செய்தியும் காளியம்மாள் சொல்லித்தான் தெரியும். எங்கள் அய்யா செத்ததற்குக்கூட அவளை விடவில்லையாம்.

உலகச் சண்டை முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய மறு வருஷம், "நான் போய் அக்காளைப் பாக்கணும்" என்றேன்.

"போயிட்டு வா. மூத்தவளைக் கூட்டிட்டுப் போ," என்றார்.

"நீங்க?"

"அந்த மண்ணை மிதிக்க எனக்கும் ஆசைதான். ஆனா அங்க நான் யாரு வீட்டு வாசல்ல போயி நிப்பேன்?" என்றார்.

4

கோச்சடையில் காளியம்மாள் வீட்டில் தங்கினோம். மண் சுவர், ஓலைக் கூரை. காளியம்மாள் புருஷனும் மகனும் தோட்டத்தில் வேலை செய்தார்கள். எங்களால்தான் அவர்கள் ஊரைவிட்டு வர நேர்ந்தது. ஆனாலும் ஒரு சொல் குத்திப் பேசியதில்லை அவள்.

கரட்டுக்கு எப்படிப் போவது என்று அவள்தான் வழி சொன்னாள். பொங்கலுக்கு மறு நாள் கரிநாளில் ஜனங்கள் ஊர் சுற்றப் போவார்கள் இல்லையா? அன்றைக்கு ஒரு நாள் மட்டும் முதலாளி வீட்டைத் திறந்துவிடுவார்களாம். யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம்.

"கூட்டத்துல உங்கள ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது மதினி. அம்புட்டு ஜனம் வரும்," என்றாள். "நானும் வாரேன்."

விடியுமுன்னே வண்டி பிடித்துப் போனோம். கரட்டின் அடியில் வண்டிகள் நிறைந்திருந்தன. கரும்பும் பனங்கிழங்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பாறையை வெடிவைத்து உடைத்துப் பாதை போட்டிருந்தார்கள். பாதை தொடங்குகிற இடத்தில் கம்பும் கையுமாக ஓர் ஆள் நின்றுகொண்டு, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"எந்த ஊரு? எந்தத் தெரு?"

யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. காளியம்மாள் பொய் சொல்லவில்லை. கீழத்தெரு என்றதும் அவன் கம்பால் ஒரு புளியமரத்தைக் காட்டினான். "அங்கிட்டு இரு."

"நீங்க போயிட்டு வாங்க மதினி. நான் இங்ஙனதான இருக்கேன்," என்றாள் அவள், சாதாரணமாக.

அடுத்து எங்களைப் பார்த்தான். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள். "கண்டி," என்றாள்.

"கண்டியா? சீமையில இருந்தா?" அவன் சிரித்தான். கண்டியில் எந்தத் தெரு என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. "போங்க, போங்க" என்றான்.

கருப்பையாவின் தங்கை மரத்தடியில் நிற்க, கருப்பையாவின் மகள் கரட்டில் ஏறினாள். திரும்பிப் பார்த்தேன். காளியம்மாள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

5

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவ்வளவு அழகான வீட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

கீழே கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் தளம். மதிய வெயில் வெளியே காய்ந்துகொண்டிருக்க, உள்ளே கால் வைத்தால் சில்லென்றது. இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத தேக்குத் தூண்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிலைக்கண்ணாடிகள். பட்டிக்காட்டு ஜனம் தங்களை முழுசாகப் பார்த்து வெட்கப்பட்டு ஒதுங்கியது. என்னைத் தெரியாத புதுக் கணக்கப்பிள்ளை ஒருவர் பிரம்பை வைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக அழைத்துப் போய்க் காட்டினார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பாடம் வைத்திருந்தார்.

"இந்தக் கண்ணாடி பெல்ஜியம் தேசத்துச் சரக்கு. தூத்துக்குடியில இறக்கி, மாட்டு வண்டியில வைக்கோல் பரப்பிக் கொண்டாந்தது. ஒண்ணுகூட கீறல் விழல. கை படாம பாருங்க."

மேலே சரவிளக்கு ஒன்று துணி சுற்றித் தொங்கியது.

"வெளக்கு எரியுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"இஞ்சின் ஓடுனா எரியும்."

"இஞ்சின் ஓடுமா?"

"சண்டையில எண்ணெய் கெடைக்கல. இனிமே ஓடும்."

குளிக்கிற அறை ஒன்றிருந்தது. பீங்கான் தொட்டி, பித்தளைக் குழாய்கள். "குழாயில தண்ணி வருமா?" என்று யாரோ கேட்டார்கள். கணக்கப்பிள்ளை வாயைத் திறக்கும் முன்னே, கூட்டத்திலிருந்த ஒரு பெண்பிள்ளை, "எங்க தலையில வருது. தெனம் நாங்கதான கீழ இருந்து சொமக்குறோம்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளையாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு எதிலும் கண் நிலைக்கவில்லை. ஒவ்வொரு கதவாகப் பார்த்தேன், அக்காள் தென்படுகிறாளா என்று. சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வரிசையாக நாற்காலிகள். உட்கார்ந்து தேய்ந்த தடம் எதிலும் இல்லை. மெத்தைக் கட்டில்களில் ஒரு சுருக்கம் இல்லை. ஆள் வசிக்கிற வீட்டில் எங்கேயாவது ஒரு கொடியில் சேலை தொங்கும், ஒரு மூலையில் செம்பு இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை.

"வலவ்வ மாதிரியே இருக்கு அம்மா," என்றாள் மகள், கண்களை அகல விரித்து. பக்கத்தில் நின்றவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாடியில் நாலு பக்கமும் சன்னல் வைத்த கூடம். மேற்கே சதுரகிரி மலை நீலமாகத் தெரிந்தது. கீழே கரிசல் காடு. அதற்கு நடுவில் எங்கள் ஊர்க் கண்மாய்கூட வெள்ளைத் துண்டு மாதிரி கிடந்தது.

"இது சின்ன அம்மாவுக்குன்னே கட்டினது," என்றார் கணக்கப்பிள்ளை. "ஊரு உலகமெல்லாம் என் கண்ணுல தெரியணும்னு அம்மா ஆசப்பட்டாகளாம். முதலாளி கரட்டையே ஒடச்சு எழுப்பிட்டாரு. பொண்டாட்டி மேல பிரியம்னா இதான்யா பிரியம்."

கூட்டத்துப் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி தன் புருஷனை முழங்கையால் இடித்தாள். நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெருச் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடுகிறவளை, ஒரு சத்தமும் வந்து எட்டாத உயரத்தில் வைத்திருந்தார்கள்.

6

வீட்டைச் சுற்றி முடித்து, பின்கட்டு வழியாக வெளியே விடுவார்கள். அந்தத் தாழ்வாரத்தில் சுமங்கலிப் பெண்களுக்குக் குங்குமமும் பூவும் கொடுத்தார்கள். வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற பெண்ணின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன்.

அக்காள்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தலை முன்புறம் நரைத்திருந்தது. கழுத்து வற்றியிருந்தது. ஒரு காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கிற நிற்பு மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்தில் நாற்காலியில் முதலாளியின் தமக்கை, என்னை முன்பு பார்த்திராத ஒரு வயதான அம்மாள், எல்லாவற்றையும் மேற்பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காள் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி. "எந்த ஊரு தாயி?" பதிலைக் கேட்டும் கேட்காமலும் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டு அடுத்தவளிடம் போனாள்.

என் முறை வந்தது.

"எந்த ஊரு தாயி?"

"கண்டி," என்றேன்.

நெற்றிக்கு வந்த விரல் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று தெரிந்திருக்க வேண்டும். என் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"உன் மகளா?"

"ஆமா. மூத்தவ."

"பேரென்னம்மா?" என்று அவளிடமே கேட்டாள்.

"பெக்கி," என்றாள் என் மகள்.

அக்காள் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. நாற்காலி அம்மாள்தான், "என்னது? இது என்ன பேரு?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துல அப்படிக் கூப்பிடுறாக," என்றேன். "வீட்டுல வச்ச பேரு பேச்சியம்மா."

அக்காள் குங்குமத் தட்டைக் கீழே வைத்தாள். எதுவும் சிந்தவில்லை. நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்: "மதினி, குங்குமம் தீரப் போகுது. இவுக கடலைத் தாண்டி வந்திருக்காக. ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு, அப்படியே குங்குமமும் எடுத்துட்டு வாரேன்."

7

அவள் இருந்த அறையைக் கணக்கப்பிள்ளை யாருக்கும் காட்டவில்லை. அடுப்படிக்குப் பின்னால், பருத்தி மூட்டை அடுக்குகிற மாதிரி ஓர் அறை. ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, கொடியில் இரண்டு சேலை. அடுத்த அறையில் முதலாளி பக்கவாதத்தில் விழுந்து கிடந்தார். அவர் மூச்சு விடுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது.

கதவைச் சாத்தியதும் அக்காள் என் மகளின் உச்சியை முகர்ந்தாள். அப்புறம்தான் என் கையைப் பிடித்தாள். அழுதோமா என்று கேட்டால், அழவில்லை. அதற்கு நேரமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெறுங்கட்டிலுக்குக் கஞ்சி கொண்டு போவேன்டி," என்று சிரித்தாள். "கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து நானே குடிச்சுட்டு வெறும் கிண்ணத்தைக் கொண்டாருவேன். மூத்தவுக, 'பரவாயில்ல, புள்ள நல்லாச் சாப்புடுறா'ன்னாக."

"அடிச்சாரா அக்கா?"

"அடிக்கல. கையே ஓங்கல. 'நாலு சனத்தப் பாத்துக்கிட்டே இருந்தா நாலு பொய் வரத்தான் செய்யும், இனி நீ சனத்தப் பாக்க வேணாம்'னாரு. விருந்தாளிகளுக்குன்னு அரைகுறையாக் கட்டிக்கிட்டு இருந்த வீடு இது. மறு வாரமே கொண்டாந்து வச்சுட்டாரு. பெறகு நான் இருக்கேன்னு கட்டிக்கிட்டே இருந்தாரு. கண்ணாடியா வந்துச்சு, வெளக்கா வந்துச்சு." என் தாலியைத் தொட்டுப் பார்த்தாள். "அந்தத் தம்பி உன்ன நல்லா வச்சிருக்காரா?"

நான் தலையசைத்தேன். மகளிடம் திரும்பி, "உங்க அய்யா நல்லா இருக்காராத்தா?" என்றாள்.

"அப்பா நல்லம், பெரியம்மா."

"நல்லமாம்!" அக்காளுக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்விட்டது. வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"அக்கா, எங்கூட வந்துரு," என்றேன். "அவரு படுத்துட்டாரு. இனி யாரு உன்னைத் தடுப்பா? இந்தக் கூட்டத்தோட இப்பவே இறங்கிருவோம். கீழ காளியம்மா நிக்கிறா."

அவள் கொடியில் கிடந்த சேலையை இழுத்து மடித்தாள்.

"யாரும் தடுக்கல. வாசலு தொறந்துதான் கெடக்கு," என்றாள் மெதுவாக. "அவுக படுத்த புதுசுல ஒரு நா எறங்கினேன். பாதி வழி போயிட்டேன். கீழ பாத்தா ரோடு ரெண்டாப் பிரியுது. எந்த ரோட்டுல போனா எங்க போகும்னு எனக்குத் தெரியல. அந்தப் பாறையிலேயே உக்காந்திருந்துட்டு, திரும்ப ஏறி வந்துட்டேன்." சுவரைப் பார்த்தாள். "அவுகளுக்கும் சோறு ஊட்ட ஆளில்ல. நான்தான் ஊட்டணும். நீ போ. எங்க தங்கியிருக்க?"

"கோச்சடையில. அவரு தங்கச்சி காளியம்மா வீட்டுல. வெத்தலைத் தோட்டத்துப் பக்கம்."

"கோச்சடை," என்றாள். பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி.

வெளியிலிருந்து, "பேச்சி, குங்குமம் எங்க?" என்று நாற்காலி அம்மாளின் குரல் வந்தது. அக்காளும் என் மகளும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

அவள் முதலில் போனாள். நாங்கள் தாழ்வாரத்தைக் கடக்கும்போது, அடுத்தவளிடம் "எந்த ஊரு தாயி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே, அந்த நிழல், ஜனம் ஏறுகிற பாதைக்குப் பக்கமாக இருக்கிறது என்று காளியம்மாளைப் புளியமரத்தடியிலிருந்தும் விரட்டியிருந்தார்கள். வெயிலில் உட்கார்ந்திருந்தாள். "வருவாகளா மதினி?" என்றாள். வரமாட்டாள் என்றேன். "எங்க வீடு இருக்கிற எடத்தைச் சொன்னீகளா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "அப்பச் சரி" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

8

இரண்டு வருஷம் கழித்து முதலாளி செத்துப்போனார். அவருடைய அண்ணன் பிள்ளைகள் வந்து வீட்டைப் பூட்டினார்கள். அக்காளை ஆலை வளாகத்தில் ஓர் அறையில் இருக்கச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு நடந்ததைக் காளியம்மாள் தன் மகனிடம் சொல்லி எழுத வைத்தாள். பேசுகிற மாதிரியே இருந்தது.

"மதினி, அக்கா வந்துட்டாக. தண்ணி தூக்குற பொம்பளைகளோட எறங்கி, வண்டி மாறி வண்டி ஏறி, விசாரிச்சு விசாரிச்சு வந்திருக்காக. வாசல்ல வெள்ளைச் சேலையோட நின்னாக. உள்ள வாங்கன்னு சொல்ல எங்களுக்குப் பயம். எங்க வீட்டுல எப்படி வாங்கன்னு சொல்றது? அவுகளே குனிஞ்சு உள்ள வந்து உக்காந்து, 'பசிக்குது காளியம்மா'ன்னாக. பழைய சோறுதான் இருந்துச்சு. போட்டேன்."

அக்காள் அவர்களோடேயே இருந்தாள். அந்தச் சித்திரைக்குத் தல்லாகுளத்துக்குப் போய்க் கூட்டத்துக்கு நடுவில் நின்று அழகரைப் பார்த்தாளாம். காலை மிதித்து, சேலைக் கரையைக் கிழித்துவிட்டார்களாம். சிரித்துக்கொண்டே வந்தாளாம்.

அவளை இங்கே கூட்டிக்கொள்ள என் வீட்டுக்காரர் அலையாத அலுவலகம் இல்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இனி இந்த நாட்டுக்காரர்களா இல்லையா என்று எங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் அக்காள் என்ற உறவுக்கு அவர்கள் தாளில் இடம் இல்லை என்றார்கள். நானாவது போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், மனு எழுதிக் கொடுக்கிறவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்ப கப்பல் ஏறிடாதீங்க அம்மா. திரும்பி வரும்போது உங்களைப் புதுசா வந்த ஆள்னு சொல்லிருவாங்க. பிள்ளைகள் இங்க, நீங்க அங்க என்று ஆயிரும்."

பொறுக்கலாம் என்று முடிவு செய்தோம். காளியம்மாள் வழியாக அக்காளும் அதையே சொல்லி அனுப்பினாள். "அவளை அலைய வேணாம்னு சொல்லு. நான் இங்க நல்லம்."

ஐப்பசி மழையில் கோச்சடையில் காய்ச்சல் பரவியது. தந்தி வந்தபோது நான் கிணற்றடியில் இருந்தேன். தந்தியை வாங்கியவன் என் மகன். இங்கிலீஷில் இருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தான்.

"அம்மே, நம்ம அக்கா செத்துட்டாள்னு தந்தி குடுத்திருக்காங்க. அக்கா உள்ளதான இருக்கா!"

வாளியைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளை வாங்கினேன். பேச்சியம்மாள் என்ற பெயரை இங்கிலீஷ் எழுத்தில் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தேன்.

எங்கள் சித்தப்பா பிள்ளைகளுக்குக் காளியம்மாள் ஆள் விட்டிருக்கிறாள். கீழத்தெரு வீட்டில் சோறு தின்றவளை எடுக்க நாங்கள் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். முதலாளி வீட்டிலிருந்தும் யாரும் வரவில்லை. காளியம்மாள் மகன்தான் கொள்ளி வைத்தான். அவர்களுடைய சுடுகாட்டில்தான் என் அக்காள் வெந்தாள். இங்கே என் வீட்டுக்காரர் லாரியை நிறுத்திவிட்டு மகாவலி ஆற்றுக்குப் போய்த் தலையை மழித்துக்கொண்டு வந்தார். அவர் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

போன மாதம் வருஷம் திரும்பியது. இலை போட்டுப் படைத்தோம். ஏன் என்று சின்னவர்கள் கேட்டார்கள். மூத்தவள் அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

9

இந்த நாட்டுக் குடியுரிமை கேட்டு நாங்கள் போட்ட மனுவின் மேல் விசாரணை இந்தப் புதன்கிழமை நடந்தது. ஒவ்வொருவராகத் தனித்தனியே உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடி போட்ட, மரியாதையான மனிதர். பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு தமிழ் இளைஞர். எப்போது வந்தீர்கள், எத்தனை பிள்ளைகள், என்ன வேலை என்றெல்லாம் கேட்டுவிட்டு, "இந்தியாவில் வீடு, நிலம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்பா, அம்மா?"

"இல்லை."

"கூடப் பிறந்தவர்கள்?"

நான் மேஜை மேலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளைஞர் கேள்வியை மறுபடியும், இன்னும் எளிய தமிழில் கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்துவிட்டார்.

"இல்லை," என்றேன்.

அதிகாரி குறித்துக்கொண்டு, தலையசைத்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு அது விளங்கியது. இருந்தாலும் இளைஞர் சந்தோஷமாகத் தமிழில் சொன்னார்: "நல்ல பதில் அம்மா. அங்கே உங்களுக்கு ஆள் யாரும் இல்லை என்றால் இங்கே சுலபமாகக் கிடைத்துவிடும்."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் குடையை விரித்துக்கொண்டு படியோரமாக நின்றார்.

"என்ன கேட்டாங்க?" என்றார்.

"அக்காளைப் பத்திக் கேட்டாக," என்றேன்.